யாராக இருந்தாலும் மூன்று தோப்புக்கரணம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். இதில் பெருமை உண்டு. கூடவே ஒரு வியாதியும் உண்டு. காலையில் எதையாவது கற்றுக்கொண்டால், பொழுது சாய்வதற்குள் அதை நாலு பேருக்குக் கற்பித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சோறு இறங்காது. (அப்பா இதைப் ‘படிச்ச திமிரு’ என்பார். நான் சமூக அக்கறை என்பேன்.)

டெல்லியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வளரும் பெண்பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றி இருக்கும் தாழ்வு மனப்பான்மையைப் போக்குவது எப்படி என்று எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே நாள் பயிற்சி. மதியம் ராஜ்மா சாதம். மாலை மெட்ரோவில் திரும்பும்போது, இந்தப் பிரச்சினையை நானே தீர்த்து வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஆரம்பிக்க இடமும் தயாராக இருந்தது. துவாரகாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் பெரிய பெண்கள் பொங்கல் விழாவுக்குக் கோலாட்டம் பழகிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்திலேயே நன்றாக ஆடுபவள் பத்தாம் வகுப்புப் பிரீத்தி. அவள் மட்டும் இந்த வருஷம் ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போன பொங்கலில் அவள் மேடையேறியபோது முன்வரிசையில் யாரோ, “மேடை தாங்குமா?” என்று கேட்க, சுற்றியிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். (கேட்டவர் அடுத்த வடைக்குள் அதை மறந்திருப்பார்.)

அம்மாக்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஞாயிறு நான் வகுப்பை ஆரம்பித்தேன். “தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு, ‘நான் நல்லா இருக்கேன்’னு சொல்லிப் பழகணும்.”

“யார்கிட்ட அண்ணா?” என்றாள் பிரீத்தி.

“கண்ணாடிகிட்டதான்.”

“கண்ணாடி எங்களை ஒண்ணும் சொல்லலையே. சொல்றதெல்லாம் அங்கிள், ஆன்ட்டிதான். நீங்க அவங்களுக்கு க்ளாஸ் எடுங்க.”

பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. அதற்காக நான் அசருகிற ஆளா? “எடுக்கறேன். பொங்கல் அன்னைக்கு யாராவது, யார் உடம்பைப் பத்தியாவது ஒரு வார்த்தை சொன்னா, மேடையேறி மூணு தோப்புக்கரணம்.”

“யாரா இருந்தாலும்?”

“யாரா இருந்தாலும்.”

“பக்கா?”

“பக்கா.”

“அச்சா. அப்ப ஆடறேன்.”

விழா அன்று மைக்கைப் பிடித்து விதியை அறிவித்தேன். ஒரே கைதட்டல். அதன்பிறகுதான் அரங்கத்துக்கு ஆபத்து புரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்ததும் பேச ஒன்றுமே இல்லை. சரோஜா ஆன்ட்டி ஒரு தோழியைக் கட்டிப்பிடித்து, “என்னடி இப்படி ஊ...” என்று ஆரம்பித்து, விழுங்கி, “ஊர்லேர்ந்து எப்ப வந்தே?” என்று முடித்தார். மற்றவர்கள் எல்லோரும் டெல்லிக் குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மாட்டியவன் நான். கோலாட்டப் பாவாடையில் வந்து நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துப் பாசத்தோடு, “சாப்பிடறதே இல்லையாம்மா? ஊதினா பறந்துடுவே போலிருக்கே” என்றேன். அவள் தன் இரண்டு காதையும் தொட்டுக் காட்டினாள். (ஒல்லி என்பதும் உடம்புக் கணக்குதான் என்று பயிற்சியில் கேள்வி கேட்டுத் தெளிவு பெற்றவன் நானேதான்.) போட்டேன். சுலபமாகத்தான் இருந்தது.

அடுத்தது சிறப்பு விருந்தினர். பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்களுக்கு அந்த அரங்கத்தைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். தமிழ்ப் பண்பாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மேடையோரம் காத்திருந்த பிரீத்தியைக் காட்டி வாத்சல்யத்தோடு சொன்னார்: “இந்தக் குழந்தை கொஞ்சம் பூசினாப்ல இருந்தாலும் சுறுசுறுப்பாத் தெரியறா.”

அரங்கமே என் பக்கம் திரும்பியது. பிரீத்தி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கோல்கள் இரண்டையும் நாற்காலியில் வைத்தாள்.

நான் மேடையேறினேன். ஏறும்போது சிங்கமாகத்தான் ஏறினேன். “ஐயா, அது வந்து... விதிப்படி...”

“என்னப்பா விதி?” என்றார், கம்பீரமாக.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “ஒண்ணுமில்லைங்க ஐயா. உங்க சார்பா நான் போட்டுடறேன்.”

காதைப் பிடித்து உட்கார்ந்தேன். கட்டத் தெரியாதவர்களுக்காகவே விற்கிறார்களே, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி, அன்று கட்டியிருந்தது அதைத்தான். முதல் தோப்புக்கரணத்தில் ‘டர்ர்’ என்று ஒரு சத்தம். இரண்டாவதில் நான் எழுந்தேன், வேட்டி எழவில்லை. உள்ளே குளிருக்காக அறைத்தோழனிடம் இரவல் வாங்கிய, காலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, கத்தரிப்பூ நிறம். முழங்காலில் ஒரு ஓட்டை. இரண்டு கையும் காதில் இருந்ததால் எதையும் மறைக்கவும் வழியில்லை.

முன்வரிசையிலிருந்து சரோஜா ஆன்ட்டியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: “ஐயோ பாவம், காலா இது, அகத்திக் குச்சியா?”

“ஆன்ட்டி, மூணு” என்று பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. சரோஜா ஆன்ட்டி ஷாலை வரிந்து கட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே போட ஆரம்பித்தார். அந்தக் கலவரத்தில் பிரீத்தி வந்து, கீழே கிடந்த வேட்டியை என்னிடம் நீட்டிவிட்டு, மைக்கை எடுத்துக்கொண்டாள்.

“அண்ணா போட்டது செல்லாது. அங்கிளோடது அப்படியே இருக்கு. யாரா இருந்தாலும்னுதானே சொன்னீங்க?”

விருந்தினர் என்னைப் பார்த்தார். நான் வேட்டியைப் பார்த்தேன். முன்வரிசையிலிருந்து அவர் மனைவி சொன்னார்: “போடுங்க. என்னைச் சொன்னதுக்கெல்லாம் போட வேண்டியதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்.”

போட்டார். மேசையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் முனக, மூன்றையும் முழுசாகப் போட்டார். எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டே, “தப்புதான் கண்ணு. ஆடு, பார்க்கணும்” என்றார். பிரீத்தி நாற்காலியிலிருந்து கோல்களை எடுத்துக்கொண்டாள்.

அவள் எப்படி இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். விதி இடம் கொடுக்காது. எப்படி ஆடினாள் என்று சொல்லலாம். நடுவில் ஒரு கோல் கைநழுவிப் பறந்தது. மேடையில் தாவிப்போய் அதை எடுத்துக்கொண்டு, அடுத்த தாளத்துக்குள் வட்டத்தில் சேர்ந்துவிட்டாள். மேடை ஜம்மென்று தாங்கியது. அடுத்த வருஷம் கோலாட்டத்தைப் பழக்கியதே அவள்தான்.

தாங்காமல் போனது என் மானம் மட்டும்தான். யாரோ எடுத்த வீடியோ, நான் போவதற்கு முன்பே தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது, “வேட்டி பத்திரம் மாப்ள” என்கிறார்கள்.

அம்மாதான் விதியை மதிக்கிறார். ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவார். என் முகத்தைப் பார்த்ததும், “ஏன் கண்ணு, எள...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வார். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைப்பார். திரையிலிருந்து மறைவார், வருவார், மறைவார், வருவார், மறைவார், வருவார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்வார்:

“மூணும் போட்டாச்சு. இப்ப சொல்றன் கேளு. ரொம்ப எளச்சுட்ட.”