ஆகவேக்காரர்

பேச்சை 'அதாவது' என்று தொடங்குகிறவர்கள் ஒரு ரகம். 'ஆகவே' என்று முடிக்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தால் நம் நேரம்தான் போகும். இரண்டாவது ரகத்தால் கல்யாணமே நின்றுபோகும். நான் சொல்ல வந்தது இரண்டாவது ரகத்தைப் பற்றி.

ஆகவேக்காரரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்பத்து டீக்கடையில் குடையோடு போய் நில்லுங்கள். "கையில குடை. குடைன்னா மழை. ஆகவே குமுளிப் பக்கம் மழை கொட்டுது" என்று நீங்கள் வாய் திறப்பதற்குள் முடித்துவிடுவார். இல்லை ஐயா, கம்பி ஒடிந்த குடை, ரிப்பேருக்குக் கொண்டு போகிறேன் என்று சொல்லிப் பாருங்களேன்! "எனக்குத் தெரியாதே" என்பார். அவருக்குத் தெரியாதது எதுவோ, அது உலகத்திலேயே இல்லை. அவ்வளவுதான்.

வெறும் வாயை வைத்துக்கொண்டே இந்தப் பாடு படுத்துகிறவர் கையில் ஒரு கம்ப்யூட்டரும் கிடைத்தால்?

கிடைத்தது. தொண்ணூற்றொன்பதில் கம்பம் மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்த பால்பாண்டி, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, "உண்மையைச் சொல்லு, விதியைச் சொல்லு, மிச்சத்தை அதுவே யோசிச்சுக்கிரும்" என்று படிக்க வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, அதோடு நில்லாமல் தன் வகையறா முழுவதையும் அதற்குள் ஏற்றினார். இன்னாருக்கு இன்னார் அப்பா. இன்னார் இன்ன சாமியைக் கும்பிடுகிறார். ஒரே குலசாமியைக் கும்பிட்டால் பங்காளி. பங்காளிக்குள் வயசு நெருக்கமென்றால் அண்ணன் தங்கை. அண்ணன் தங்கைக்குக் கல்யாணம் கூடாது. ஊரே ஒத்துக்கொண்ட விதிதானே? யார் கும்பிடுகிறவர்கள் என்பதற்கு, மாசி சிவராத்திரியன்று தன் குலசாமி கோயிலில் கை கூப்பி நின்ற அத்தனை பேரையும் விசாரித்துச் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கையோடு மகள் கயலுக்குக் கூடலூரிலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. பையன் சூரியபிரகாஷ், சொந்தமாக ஜீப் ஓட்டுகிறான். இவளுக்கு அவனைப் பிடித்துப்போய், வீட்டில் மெல்லச் சொல்லி, பெரியவர்கள் பேசி, பூ வைக்கும் நாளும் வந்துவிட்டது. தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. பால்பாண்டி சும்மா இருப்பாரா? சம்பந்தி வீட்டார் கண்ணெதிரே கம்ப்யூட்டரும் வாழ்த்தட்டும் என்று கூடத்தில் கொண்டுவந்து வைத்து, இரண்டு பெயரையும் தட்டினார்.

'அண்ணன் தங்கை' என்றது அது.

"ஆத்தாடி! கம்ப்யூட்டரே சொல்லிருச்சே!" என்று மாப்பிள்ளையின் அம்மா ராக்கம்மாள் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

சூரியபிரகாஷ் பதறிப்போனான். "மாமா, சிவராத்திரிக்கு உங்க ஆளுகளை வாடகைக்கு ஏத்திட்டு வந்தேன். வந்த எடத்துல ஒரு கும்பிடு போட்டேன். அம்புட்டுத்தான்!"

"கும்பிட்டியா, இல்லையா?"

"கும்பிட்டேன்."

"ஆகவே..." என்றார் பால்பாண்டி. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சொல்லை விழுங்கிவிடப் பார்த்தார், முடியவில்லை.

கயலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஜீப்பில்தான் அவள் அவனை முதன்முதலில் பார்த்தாள். பாவம், அவன் சாமியை நன்றாகக் கும்பிட்டதற்கு இதுவா பலன்? கண்ணைத் துடைத்துக்கொண்டு கீபோர்டைத் தன் பக்கம் திருப்பினாள். அப்பாவின் சென்டரில் படித்தவளாயிற்றே!

"அப்பா, நீங்களும் அம்மாவும் என்ன முறைன்னு கேட்டீகளா?"

"அதை எதுக்குக் கேக்கணும்?"

அவள் கேட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்காது. 'பால்பாண்டி, பவுனு: அண்ணன் தங்கை.'

வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து புருஷன் வீட்டுச் சாமிக்கே பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும் பவுனு, காப்பித் தட்டோடு வந்தவள், நின்று நிதானமாகப் படித்தாள்.

"அப்படியாண்ணே? அப்ப நான் எங்க ஊருக்குக் கெளம்புறேன். சோத்துக்கு வேற ஏற்பாடு பாத்துக்கங்க."

கூடம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. ராக்கம்மாள் தட்டை நீட்டினார். "மொதல்ல உங்க கல்யாணத்தைச் சரி பண்ணிக்கங்க சம்பந்தி. எங்க பிள்ளைக கல்யாணத்தை நாங்க பாத்துக்கிறோம்."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பால்பாண்டி திருந்தினார் என்கிறீர்களா? "விதி சரிதான். தகவல்தான் கொறைச்சல்" என்றார். கட்டிக்கொண்டு வந்த பெண்டாட்டி நீங்கலாக, வாடகை ஜீப்காரர் நீங்கலாக என்று விதிக்கு விதி ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறார். கோயில் வாசலில் பலூன் விற்கிறவர் இன்றைக்கும் அவருக்குச் சித்தப்பாதான்.

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 'என்னிடம் கம்ப்யூட்டரே கிடையாது, ஆகவே நான் அந்த ரகமில்லை.' நடுவில் ஒரு சொல் போட்டீர்களே, கவனித்தீர்களா? எதற்கும் இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது, வீட்டில் உங்களை என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.