வயிறு வலிக்காத கணக்கு

கற்பிட்டி,
மார்ச் 2022

அன்பும் கண்ணியமும் மிக்க றுக்கியா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மெல்போர்னில் நீங்களும் மச்சானும் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ கேட்கும் தம்பி முத்தலிபு, பளீலாவின் ஸலாத்தையும் பிள்ளைகளின் முத்தத்தையும் சேர்த்து எழுதிக்கொள்வது. போனில் பேசலாமே, கடிதம் என்னத்துக்கு என்று கேட்பீர்கள். ராத்தா, போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். இது நான் பேசவேண்டிய விடயம்.

கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் மூத்தவள் ஸுஹைராவைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு ஒரு கழித்தல் கணக்குக் கொடுத்ததும், பிள்ளை கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டதும், வகுப்பு முழுதும் சிரித்ததும் உங்களுக்குத் தெரியும். அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கண்டாலே அவளுக்கு வயிற்றுவலி. ஆஸ்பத்திரியில் டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயித்தில ஒண்டுமில்ல. மகள் எதுக்குப் பயப்படுறீங்க?" என்று கேட்டார். எட்டு வயதுப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "கணக்கு" என்றாள். அதிபர் நல்ல மனிதர், ஒரு தவணை, மூன்று மாதம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். பளீலாவுக்குத் தபால் கந்தோர் வேலை. நான் விடியலில் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டால் பத்து மணிக்கு வீட்டில். ஆகவே நானே டீச்சர் ஆனேன். பிள்ளையை அழவைக்காமல், கையால் தொட்டுப் பழகுகிற கணக்குப் பாடமுறை மூன்றை நீங்கள் சொல்லியனுப்பினீர்கள். எது நல்லது என்று நீயே பார்த்துத் தெரிவுசெய் என்றீர்கள். தெரிவுசெய்த கதையைத்தான் எழுதுகிறேன்.

முதலாவது, கதை சொல்லிக் கணக்குப் படிப்பிக்கிற முறை. தாள்களைக் கடையில் அச்செடுத்துக்கொண்டு வருகிற வழியில் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. நம் ஊர்க் காற்றை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நான் ஓடிப்பிடித்தது போக மீதியைக் கோட்டைப் பக்கத்துக் கழுதை ஒன்று தின்றுவிட்டது. நாலாம் பாடம் இன்றுவரை கழுதையிடமே இருக்கிறது. மிஞ்சியதில் கழித்தல் என்று ஒரு குள்ள மனிதர் வருகிறார். வீடு வீடாகப் போய் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவார். நான் குரலை மாற்றி, கண்ணை உருட்டி, மிக நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். ஸுஹைரா கடைசிவரை கேட்டுவிட்டு, "வாப்பா, இவர் கள்ளன்தானே? பொலிசுக்குச் சொல்லலியா?" என்றாள். சின்னவள் றஹ்மா அன்று முழுதும் தன் செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டே திரிந்தாள். அந்த முறையை அத்தோடு விட்டேன்.

இரண்டாவது, சமையலறையில் கணக்கு. கேக்கை வெட்டிப் பின்னம் காட்டச் சொல்லியிருந்தது. கேக்குக்கு எங்கே போவது, தேங்காய் ரொட்டி சுட்டேன். நாலாக வெட்டி, இது கால், இது அரை என்று சொல்லி முடிப்பதற்குள் றஹ்மா இரண்டு கால் துண்டைத் தின்றுவிட்டாள். சரி, இதுவும் ஒரு பாடம்தானே என்று, "மகள், இப்ப எவ்வளவு மிச்சம்?" என்று ஸுஹைராவிடம் கேட்டேன். அவள் ரொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உம்மாக்கு இல்ல" என்றாள். பிழை என்று எப்படிச் சொல்வது, ராத்தா? நடந்ததும் அதுதான்.

வீட்டில் எது நிறைய இருக்கிறதோ அதை வைத்துப் பிரித்தல் படிப்பிக்கலாம் என்றும் அதே தாளில் இருந்தது. நம் வீட்டில் நிறைய இருப்பது என்ன? அறுவடை வெங்காயத்தைக் கொட்டி, பிள்ளைகளை உட்காரவைத்து, மூன்று பேருக்குச் சமமாகப் பிரியுங்கள் என்றேன். றஹ்மா தன் பங்கை மிதித்து நசுக்கி விளையாடியதில் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த பளீலா வாசலிலேயே நின்றுவிட்டாள். "அழவைக்காத கணக்கெண்டு சொன்னீங்க, நீங்களும் சேந்து அழுறீங்களே!" என்றாள். நான் வெங்காயம் என்றேன். ஆனால் கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, வெங்காயத்தை எல்லாம் அள்ளிய பிறகும் ஸுஹைராவின் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "வாப்பா, என்ன விட்டுருங்களேன். நான் கணக்கில்லாம இருந்துக்குவன்."

அன்று பின்னேரம் தோட்டத்துக்குப் போய், தண்ணீர் விடத் தேவையில்லாத பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். பளீலா என்னைக் குறை சொல்லவில்லை. "அடுத்த தவணையும் போகாட்டி ஒரு வருச வகுப்பே போயிரும். அத மட்டும் யோசிங்க" என்றாள். அதைத் தவிர வேறு எதை நான் யோசித்துக்கொண்டிருந்தேன்?

மூன்றாவது, நிறக் குச்சி முறை. ஒன்றுக்குச் சின்னக் குச்சி, இரண்டுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, இப்படிப் பத்துவரை, எண்ணுக்கு ஒரு நிறம். நீங்கள் அனுப்புகிறேன் என்ற பெட்டிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பலகைச் சட்டத்தை நானே அறுத்தேன். பூசுவதற்குக் கிடைத்தது வள்ளத்துக்குப் பூசும் நீலப் பெயின்ற் மட்டும்தான், ஆகவே எல்லா எண்ணும் நீலம். காயும் முன்னே பிள்ளைகள் எடுத்ததில் கை நீலம், குந்தியிருந்த கதிரை நீலம், றஹ்மாவின் ஒரு காது நீலம். ஆறையும் நாலையும் முனையோடு முனை வைத்தால் பத்துக்குச் சரியாக வரும் என்று பெருமையோடு வைத்துக்காட்டினேன். வரவில்லை. திருப்பி வைத்தேன். அப்போதும் வரவில்லை. தரை சரியில்லை என்று மேசைக்குக் கொண்டுபோனேன். ஸுஹைரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றுக்குரிய சின்னக் குச்சியை எடுத்து, என்னுடைய ஆறின் மேல் ஒவ்வொரு இடமாக வைத்து அளந்தாள்.

"வாப்பா, ஒங்கட ஆறு பிழை."

"எப்பிடிப் பிழை?"

"அஞ்சரதான் இரிக்கி."

பிறகு சிரித்தாள், ராத்தா. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து பளீலா ஓடிவந்து, சங்கதியைக் கேட்டுத் தானும் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? எட்டு நீளம், ஒன்பது கட்டை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, எங்கே வெட்டவேண்டும் என்று ஸுஹைரா பென்சிலால் கோடு போட, நான் அறுத்தேன். நான் வேண்டுமென்று பிழையாக அறுத்தேன் என்று பளீலா கந்தோரில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நான் மறுக்கவில்லை. அன்றிலிருந்து காலையில் தேத்தண்ணீர் குடிக்கும் முன்பே ஸுஹைரா குச்சியும் கையுமாக வந்துவிடுகிறாள்.

ஆகவே என் முடிவு மூன்றாவது முறைதான். நிறக் குச்சிப் பெட்டியையும் அடுத்த வகுப்புக்குரிய பாடங்களையும் யாராவது வருகிறவர்களிடம் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். அடுத்த தவணையும் வீட்டிலேயே படிப்பிக்கிறேன் என்று அதிபரிடம் கேட்கப்போகிறேன். மச்சானுக்கு என் ஸலாம். உங்கள் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நல்ல அறிவையும் நீண்ட ஆயுளையும் கொடுப்பானாக. எங்களையும் துஆவில் மறக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
முத்தலிபு

பி.கு.: பளீலா இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள், தபால் கந்தோரில் இருந்துகொண்டே! அதுவும் நல்லதாய்ப் போயிற்று. பெட்டி அனுப்பவேண்டாம். பாடமும் வேண்டாம். திங்கட்கிழமை ஸுஹைரா தானாகவே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "வயித்துவலி?" என்றேன். "இல்ல. நீங்க எத்தின பிழை விட்டீங்க, ஒங்களுக்கு ஒண்டும் ஆகல்லியே" என்றாள். நான் பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கும்வரை காத்துக்கிடந்தேன், இப்போது எனக்குத்தான் வயிற்றுவலி. வெளியே வந்தவளிடம் என்ன நடந்தது என்று கேட்கவும் பயம். அவளே சொன்னாள். "டீச்சர் கூப்பிட்டாங்க. பிழை விட்டன். எல்லாரும் சிரிச்சாங்க. அழிச்சிட்டுத் திரும்ப எழுதினன், சரி." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, "வாப்பா, ஒரு அழிறப்பர் வாங்கித் தாங்க. பெரிசாப் பாத்து" என்றாள்.