எகோஃபோ அழைத்து வந்த எலி நீதிபதி

எங்கள் சுவாப்பா ஆற்றங்கரைக்கு நீதிபதி யாரும் வந்ததில்லை. எலி வந்தது. பார்க்க ஓடம் ஓடமாகச் சனம். எலிக்குக் காணிக்கை கோழி, வாழைத்தார், கள். எலி கள் குடித்ததா தெரியாது. குறிகாரர் இலோங்கோவின் கண்தான் சிவந்திருந்தது.

அது ஒன்றும் வானத்திலிருந்து குதித்த எலியல்ல. மரவள்ளிக் கொல்லையில் திரியும் செவ்வயிற்றுக் காட்டெலி. பனைப்புழு வைத்துப் பொறியில் பிடித்து, வாட்டித் தின்கிறவர்கள் நாங்கள். குறிகாரர் அதையே கூடையில் கொண்டுவந்ததும் கும்பிட்டு விழுந்தோம். வெட்கக்கேடு!

பொலும்புவின் புருசன் காய்ச்சலில் செத்திருந்தான். அவள் வைத்த சூனியம் என்று சொல்லிக் குறிகாரரை அழைத்து வந்தான் கொழுந்தன் எகோஃபோ. எலி அவளைக் காட்டிவிட்டால் பிள்ளைகளை அவனிடம் விட்டுவிட்டு ஊரைவிட்டே போக வேண்டும்.

பொலும்புவோடு சேர்த்து ஆறு பெண்கள் பாயில் கை வைத்தார்கள்; எலி யார் கையைத் தேடிப் போகிறதோ அவளே சூனியக்காரி. குறிகாரர் ஒவ்வொரு கையையும் தடவி ஆசி கொடுத்தார். கூடை திறந்தது. எலி நேராக ஓடிப் பொலும்புவின் விரலை நக்கியது.

"எலி பொய் சொல்லாது," என்றார் குறிகாரர்.

"பிள்ளைங்கள விட்டுட்டுக் கெளம்புங்க அண்ணி," என்றான் எகோஃபோ.

பொலும்பு அழவில்லை. விரலை மோந்து பார்த்தாள். எழுந்துபோய்ச் சாம்பல் போட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தாள். மற்ற ஐவரையும் கழுவச் சொன்னாள்.

"இன்னொருக்கா விடுங்கய்யா. கழுவாம ஒங்க கையையும் வைங்க."

"நான் எதுக்கும்மா?"

"சுத்தமானவர்தானே? எலிக்கா பயம்?"

கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல் கையை வைத்தார்.

எலி ஆறு பேர் கையையும் தாண்டிப்போய்க் குறிகாரரின் கட்டைவிரல் நகத்தைக் கொறித்தது.

"ஐயோ, இவருதான் சூனியக்காரரா?" என்று பின்வாங்கினான் எகோஃபோ.

பொலும்பு அந்த விரலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். நகத்துக்குள் நசுங்கிய பனைப்புழு.

"சூனியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க பொறியில வைக்கிற அதே புழுவத்தான் ஆசின்னு என் விரல்ல தடவியிருக்காரு. சரி தம்பி, இவரு ஓடத்துல கட்டிக் கெடக்கே ஒன் ஆடு, அது எதுக்குக் கூலி?"

எகோஃபோ தரையைப் பார்த்தான். குறிகாரர் ஆற்றைப் பார்த்தார். பிறகு ஆற்றை நோக்கி ஓடினார்.

"எம் புருசன் காய்ச்சல்ல கெடந்தப்ப, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஓடம் கேட்டேன், ஒருத்தரும் தரல," என்றாள் பொலும்பு. "இன்னைக்கு எலியப் பாக்க எத்தன ஓடம்!"

அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். எலிகூடத் தன் மூக்கால் மோந்துதான் முடிவெடுக்கிறது. மூளையைக் கூடைக்காரனிடம் கொடுத்துவிட்டு நிற்பவன் மனிதன் மட்டும்தான்.