கரியன் எருமை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சுக்கோப்பவர் முதலானோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். முப்பத்து நான்கு ஆண்டுகள் அலுவலகத்தில் அடுத்தவர் கடிதங்களைத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்ற நான், சொந்தக் காரணத்துக்காக எழுதும் இரண்டாவது கடிதம் இது. முதல் கடிதத்தைச் சென்ற மாதம் ‘எனக்குப் பிடித்த நாட்டுப்பாடல்’ பகுதியில் வெளியிட்டீர்கள். வந்த வினை அத்தனையும் அதனால்தான்.

பாட்டு தங்களுக்கு நினைவிருக்கும்.

ஊரைச் சுத்தி வெள்ளம் வந்துச்சு
ஓடம் எல்லாம் ஒதுங்கிப் போச்சு
புள்ளத்தாச்சிய முதுகில ஏத்தி
பெரிய ஆத்தக் கடந்தான் கரியன்

இந்தக் கரியன் என் தாத்தா, முதுகில் இருந்தது அவர் மனைவி, வயிற்றில் இருந்தது என் அப்பா என்று எழுதியிருந்தேன். அப்பாவே எனக்குச் சொன்ன கதை. பத்திரிகை வந்ததும் இருபது பிரதி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை சம்பந்தி வீட்டாரை அழைத்தேன். சம்பந்தி பல் டாக்டர். அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எல்லோரும் படித்தவர்கள் என்பதைக் கல்யாணத்திலிருந்து பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதிலுக்கு என்னிடம் இருந்தது இந்த ஒரு பாட்டுத்தான். முன்னறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாடினேன். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பந்திகூட, “பெரிய மனுஷர்தான்” என்று ஒத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் பால்காரர் கேனோடு நின்றார்.

“நல்லாப் பாடினீங்க சார். ஆனா பாதியில விட்டுட்டீங்களே?” என்றார்.

“பாதியா? பாட்டே அவ்வளவுதான்” என்றேன்.

“எங்க வீட்ல மாடு கறக்கும்போது பாடுவோமே” என்று, யாரும் கேட்காமலே எடுத்துவிட்டார்:

கொம்பு ரெண்டும் தண்ணிக்கு மேல
குளம்பு நாலும் தண்ணிக்குள்ள
புல்லுக்கட்டு கொண்டா மாமா
புண்ணியவான் பசியா இருக்கான்

நான் சமாளித்துக்கொண்டு, “கொம்புன்னா வீரம். பாட்டுல அப்படித்தான் சொல்வாங்க” என்றேன். சம்பந்தி மிகவும் மரியாதையாக, “குளம்பு நாலு இருக்கே சம்பந்தி?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, எனக்கு உதவுவதாக நினைத்து, “அவ்வளவு தூரம் நீந்தினவருக்குப் பசிக்காதா? கிடைச்சதைச் சாப்பிட்டிருப்பார்” என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு யாராலும் எங்களைக் காப்பாற்ற முடியவில்லை. சம்பந்தி பால்காரரை உட்கார வைத்து, மூன்று தடவை பாடச் சொல்லி, போனில் பதிவு செய்து, அங்கிருந்தே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். மறுநாள் காய்கறிக் கடைக்காரர் கீரைக்கட்டை நீட்டி, “தாத்தாவுக்குப் பிடிக்குமே சார்” என்கிறார்.

சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் குளிக்கும்போது இந்தப் பாட்டைப் பாடுகிறவன் நான். இப்போது பாட வாயே வரவில்லை. சத்தம் இல்லாததால் என் மனைவி கதவைத் தட்டி, “உள்ளதான் இருக்கீங்களா?” என்று கேட்கிறாள். என் அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை ஐயா.

ஆகவே, ‘கரியன் மனிதரே, கொம்பு உருவகம், புல்லுக்கட்டு இடைச்செருகல்’ என்ற விளக்கத்தை நானே தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். அடுத்த இதழில் கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகை பிழையின்றி வளரட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
கரியன் பேரன்

பின்குறிப்பு: நேற்றிரவு உறையை ஒட்டும் முன் என் அக்கா போன் செய்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பதிவு அவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. “பால்காரர் சொன்னது சரிதான்டா. கரியன் நம்ம வீட்டு எருமை. தாத்தாவுக்கு நீச்சலே தெரியாது” என்றார்.

“அப்ப அப்பா ஏன் அப்படிச் சொன்னார்?”

“நீ தண்ணியில எறங்கவே பயந்தே. தாத்தா பேரைச் சொன்னாலாவது கத்துக்குவேன்னு பார்த்தார். கத்துக்கிட்டியா?”

பாட்டில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது என்று அவரே பாடினார்:

வாலைப் புடிச்சு வந்தவன் யாரு
வழியெல்லாம் கத்தினான் பாரு

அதுதான் தாத்தாவாம். “நீந்தத் தெரியாதவர் வெள்ளத்துல எதுக்கு எறங்கினார்?” என்று கேட்டேன்.

“பொண்டாட்டியத் தனியா அனுப்பச் சொல்றியா?” என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, மேலே கேட்ட விளக்கம் வேண்டாம், கிழித்துவிடவும். முழுப் பாட்டையும் வெளியிடவும். இன்று காலை குளிக்கும்போது கடைசி இரண்டு வரியையும் சேர்த்தே பாடினேன். படம் அனுப்பச் சொல்வீர்கள். தாத்தா, கரியன் இரண்டு பேருடைய படமும் எங்களிடம் இல்லை.