பேக் பட்டன் அண்ணையும் கொட்டாஞ்சேனைத் தரகரும்

கொழும்பில் எத்தனையோ விதமான பிடிவாதக்காரர்களோடு வேலை செய்திருக்கிறேன், ஒரே அறையில் படுத்திருக்கிறேன், ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டும் இருக்கிறேன். அவர்களில் ஒருவரும் பேக் பட்டன் அண்ணைக்குக் கிட்ட வரமாட்டார்கள். போன வழியால் திரும்பி வர முடியாத இடத்துக்கு அந்த மனிதர் போகவே மாட்டார்.

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். இணையத்தளம் செய்து கொடுப்பது தொழில். புரோகிராம் எழுதுவது அண்ணை. மேலே ஏறக் கடைக்குள்ளால் ஒரு படி, பின்பக்கம் இன்னொரு படி. அண்ணை கடைக்குள்ளால் ஏறினால் கடைக்குள்ளால்தான் இறங்குவார். தீபாவளிக்கு முதல் நாள் சேலைக் கூட்டத்துக்குள் அரை மணித்தியாலம் மாட்டுப்பட்டு, யாரோ ஓர் அம்மாவுக்கு இரண்டு சேலை தெரிந்து கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். பஸ்ஸிலும் அப்படித்தான். பின்கதவால் இறங்கச் சொல்லிக் கொண்டக்டர் சிங்களத்தில் கத்துவான். அண்ணை ஏறுகிற சனத்தை விலக்கிக்கொண்டு, "நான் வந்தது இதாலை" என்று தமிழில் விளக்கம் கொடுப்பார்.

என்னைவிட அவருக்கு மூன்று வயது குறைவு. ஆனாலும் அண்ணை. முதலாளிக்கும் அண்ணை.

நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பேக்கரி, மீன் லொறி, இரத்மலானையில் ஒரு பிளாஸ்டிக் பக்டரி என்று சுற்றி, பக்டரி மூடியபின் இரண்டு கிழமை ஒருநேரச் சாப்பாட்டோடு இருந்துவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். என்னை எடுத்ததே என் அறியாமைக்காகத்தான். "கண்டதையும் அமத்திப் பாக்கிற ஆள் ஒண்டு வேணும்" என்றார் முதலாளி. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்.

மூன்றாவது மாதத்தில் வந்தது கொட்டாஞ்சேனைக் கலியாணத் தரகரின் வேலை. பெண்களின் விபரத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டும் தளம். நான் முதலாளியின் புது லப்டொப்பில் ஒரு நாள் முழுக்க அமத்திப் பார்த்து, எல்லாம் சரி என்றேன். மூன்றாம் நாள் தரகரிடமிருந்து போன் வந்தது.

"என்ன விளையாடுறியளோ? நாப்பது பொம்பிளைப் பிள்ளையளுக்கும் ஒரே விலாசம்! மாப்பிள்ளை வீட்டுக்காரர் எடுத்து, எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளையளோ எண்டு கேக்கினம்!"

விஷயம் இதுதான். தரகர் ஒவ்வொரு பெண்ணின் பக்கத்தையும் திறந்து, பிரவுசரின் மேலே தெரியும் இணைய விலாசத்தைக் கொப்பியில் எழுதி, அதைப் போனில் மாப்பிள்ளை வீட்டுக்கு வாசிப்பவர். அவருடைய கணினியோ மிகப் பழையது. சாதகம் கணிக்கும் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும் என்பதால் மாற்ற மறுத்துவிட்டார். அந்தப் பழைய பிரவுசரில் எத்தனை பெண்ணைத் திறந்தாலும் விலாசம் அசையவில்லை. முந்தின பக்கத்துக்குப் போகப் பேக் பட்டனை அமத்தினால் தளத்தை விட்டே வெளியே போய்விடுகிறது.

"சனிக்கிழமை திருத்திக் கொண்டுபோய்க் காட்டுறம்" என்றார் முதலாளி என்னைப் பார்த்து. "அதுவும் பிழைச்சால் நீ திங்கக்கிழமை வரவேண்டாம்."

லொட்ஜில் கட்டில் இருந்தது இந்த வேலையை நம்பித்தான். ஆனாலும் பயத்தைவிட எனக்குப் புதினம்தான் கூட. ஒரே தளம் ஓரிடத்தில் ஒழுங்காகவும் இன்னோரிடத்தில் கோணலாகவும் ஏன் நடக்கிறது?

அண்ணை தன் மேசைக்குக் கீழே சாரத் துணியால் மூடி வைத்திருந்த ஒரு பழைய கணினியை வெளியே எடுத்தார். மூடப்பட்ட நெட் கபே ஒன்றிலிருந்து தூக்கிவந்தது.

"ஐசே, முழுத் தளமும் ஒரே பக்கம்தான். நாடகக் கொட்டகை மாதிரி. நாங்கள் மேடையில சீனை மாத்திறம், சனம் இருந்த கதிரையிலயே இருக்குது. பேக் எண்டால் முந்தின சீன் வரவேணும். பழைய பிரவுசர் என்ன செய்யுது? ஆளைப் பிடிச்சு றோட்டில விடுது."

"அப்ப புதுசு?"

"புதுசுக்கு ஒவ்வொரு சீனுக்கும் ஒரு விலாசம் எழுதிக் குடுக்கலாம். பழசிட்டை விலாசத்தைத் தொட்டால் பக்கத்தை முழுக்கத் திரும்ப ஏத்தும். ஒரேயொரு இடம் இருக்கு. ஹாஷுக்குப் பின்னால என்னத்தை எழுதினாலும் பேசாமல் இருக்கும். பேக்குக்கும் அது விளங்கும்."

நெடுக்காக இரண்டு கோடு, குறுக்காக இரண்டு கோடு. அதுதான் ஹாஷ். வியாழக்கிழமை விலாசங்களில் அது வந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை முதலாளி கண்டுவிட்டார்.

"என்ன அண்ணை இது, சின்னப் பிள்ளையள் கிறுக்கின மாதிரி? எடுங்கோ!"

"உங்கட லப்டொப்பில இருக்காது சேர்" என்றார் அண்ணை.

அந்தப் பதிலின் முதல் பாதி முதலாளியின் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. பிரவுசர் புதிதென்றால் சுத்தமான விலாசம், பழையதென்றால் ஹாஷ் என்று அண்ணை எழுதி வைத்திருந்தார். இரண்டிலும் அமத்திப் பார்த்தவன் நான். முதலாளிக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை தரகர் வீட்டுக்கு முதலாளி காரில் வந்தார். நாங்கள் புறக்கோட்டையில் பஸ் மாறிப் போனோம்.

தரகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பெண்ணைத் திறந்தார். விலாசத்தில் ஹாஷ். முதலாளி அண்ணையைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்தது.

"இதென்ன தம்பி, நடுவில கட்டம்?" என்றார் தரகர்.

"அது... ஐயா, எடுத்துப்போடலாம்..." என்று இழுத்தார் முதலாளி.

"ஏன் எடுக்கிறியள்? சாதகக் கட்டமெல்லோ! கலியாண விஷயத்துக்கு வலு பொருத்தம்."

ஏழு பெண்களைத் திறந்தார். ஏழு விலாசத்தையும் கொப்பியில் எழுதினார். பிறகு பேக். ஆறாவது பெண். பேக். ஐந்தாவது. நான் மூச்சு விடாமல் எண்ணினேன். முதல் பெண் வந்தாள். ஒருவரும் றோட்டில் விழவில்லை.

தரகருக்கு அதுவும் போதவில்லை. லண்டனில் ஒரு மாப்பிள்ளையின் தாய்க்குப் போன் எடுத்தார்.

"ஓம் அம்மா, எழுதுங்கோ. இனி ஒரு சாதகக் கட்டம் போடுங்கோ. வெறுங் கட்டம், கிரகம் ஒண்டும் வேண்டாம்!"

அந்த அம்மாவின் புதுப் போனில் அதே பெண்ணின் பக்கம் திறந்தது. "பிள்ளை நல்ல வடிவு" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது.

வெளியே வந்ததும் முதலாளி என் முதுகில் தட்டினார். "திங்கக்கிழமை வந்து நிரந்தரக் கடிதத்தை எடு. இப்ப ரெண்டு பேரும் காரில ஏறுங்கோ."

"நான் பஸ்ஸில வந்தனான் சேர்" என்றார் அண்ணை.

நான் ஒரு காலை ஏசிக்குள் வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வெயிலில் பஸ் தரிப்பிடத்தை நோக்கித் தனியாகப் போகிறார். காலை வெளியே எடுத்தேன்.

பஸ்ஸில் கேட்டேன், "ஏன் அண்ணை உந்தப் பிடிவாதம்?"

"சண்டை நேரம் வீட்டின்ரை பின்வேலியால வெளிக்கிட்டனாங்கள். முன்கதவைப் பூட்டினமோ எண்டு அம்மா இண்டைக்கும் கேக்கிறா. போய்ப் பாக்க வீடு இல்லை." அதற்குள் அவருடைய தரிப்பிடம் வந்துவிட்டது. கொண்டக்டர் கத்தக் கத்த முன்கதவால் இறங்கினார்.

இரண்டு வருடம் கழித்து, தாயையும் கூட்டிக்கொண்டு கனடாவில் இருக்கும் அக்காவிடம் போனார். போகிற பிளேனிலேயே திரும்பி வர முடியுமா என்று டிக்கட் போட்ட பெண்ணிடம் கேட்டாராம். கடைசி நாளும் புடவைக்கடைக்குள்ளால்தான் இறங்கினார்.

நானும் அங்கே நிலைக்கவில்லை. அதன்பின் ஐந்து வேலை மாறிவிட்டேன். ஆனால் வெள்ளவத்தைப் பக்கம் போனால் அந்தக் கடைக்குள் நுழைந்து, ஒன்றும் வாங்காமல், படியடியில் கொஞ்ச நேரம் நிற்பேன். அவர் வருவதென்றால் அந்தப் படியால்தானே வரவேண்டும்.