கூடத்தில் கணப்பு, அறையில் ஹீட்டர்

வருடாவருடம் வரும் நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்கிய அன்று காலை, அது முடிவதற்குள் மனைவி நவாலைக் கூடத்துக்குத் திரும்ப அழைத்துவந்துவிடுவது என்று ஃபாலெஹ் தீர்மானித்தார். முப்பது வருடம் அம்மான் நகரில் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். குழாய் எங்கே கசிகிறது என்று தெருவில் நின்றே சொல்லிவிடுவார். அடுத்தவர் வீட்டில்.

குளிர்காலத்தில் கணப்பு இருக்கிற அறைதான் வீடு. மற்ற அறைகள் பனிக்கு விட்டுக்கொடுத்தவை. கூடத்து மண்ணெண்ணெய்க் கணப்பைச் சுற்றி முன்பு மூன்று பேர் தரை மெத்தைகளில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு மாதத்துக்கு முன் பாலைவனச் சாலையில் மகன் காருக்குக் குறுக்கே ஒரு லாரி வந்தது. அதற்குப் பிறகு நவால் மகனின் அறைக்குப் போய்விட்டாள். துணைக்கு ஒரு சின்ன மின்சார ஹீட்டர், ஓதி உருட்ட ஒரு தஸ்பீஹ் மணி.

ஃபாலெஹ் அந்த வாசலைத் தாண்டவில்லை. மகன் பெயரை வாயால் சொல்லவுமில்லை. ஆனால் எங்கள் ஊரில் மூத்த மகனின் தகப்பன், 'அபு', என்பதுதான் ஆணுக்குப் பெயர்; தாய்க்கு 'உம்மு'. அபு ராக்கான், ரொட்டி எத்தனை? அபு ராக்கான், சில்லறை இருக்கா? ஒரு நாளைக்கு இருபது தடவை.

திட்டம் எளிது. அந்த அறையின் சுவர் பிளக் எப்போதோ கெட்டுப்போனது. ஹீட்டரின் ஒயர் கதவிடுக்கு வழியே நடைக்கு வந்து அங்கேதான் செருகியிருந்தது. நவால் குளிக்கப் போன நேரத்தில் ஃபாலெஹ் ஒயர் நுனியின் பிளக்கைத் திறந்து, அதற்குள் இருந்த ஃப்யூஸை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அபு ராக்கான், ஹீட்டர் எரியல."

"கொண்டா, பார்ப்போம்."

கூடத்தில் வைத்துத் திருப்பினார், தட்டினார், காதருகே வைத்துக் கேட்டார்.

"காயில் போயிடுச்சு, நவால். இனி இது தேறாது."

"தட்டினதுலயே தெரிஞ்சுதா?"

"முப்பது வருஷ அனுபவம்."

"தண்ணி மீட்டர்ல."

"எல்லாம் ஒண்ணுதான். இங்க வந்து உட்காரேன். கணப்பு சும்மாதானே எரியுது."

அவள் வந்து உட்கார்ந்தாள். கெட்டில் பாடியது. ஃபாலெஹ் ரொட்டியைக் கணப்பின் தலையில் போட்டு வாட்டி, கருகாத பக்கத்தை அவளுக்குக் கொடுத்தார். அவள் மூன்றாவது மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்காமலிருந்தார். இருந்தாலும் வெற்றி வெற்றிதான்.

மறுநாள் கணப்பு மஞ்சளாக எரிந்து புகை கக்கியது. திரியில் கரி என்று கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டினார். அரைமணி நேரம் நீலமாக எரிந்து, இருமி, அணைந்தது. தரை சரிவு என்று ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தார். இருமல் நிற்கவில்லை. புதுத் திரி வாங்கிப் போட்டார். அதுவும் ஒரு நாள்தான் தாங்கியது. நவால் போர்வையைப் போர்த்திக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

மேல்வீட்டு அபு சனத் இறங்கிவந்து பார்த்தார். "எண்ணெயைக் கண்ணாடி ஜாடில ஊத்துங்க, அபு ராக்கான்."

ஊற்றினார். அடியில் தெளிவாக, தனியாக, தண்ணீர் நின்றது.

"கலப்படம்! அந்த பங்க்காரனை இன்னைக்கு நான்..."

"நானும் அங்கதான் வாங்கறேன். எனக்கு ஜம்முனு எரியுதே."

"உங்களுக்கு நல்லது ஊத்தியிருப்பான்."

"ஒரே குழாய்ல, உங்களுக்குப் பின்னாடி நின்னு பிடிச்சேன். முப்பது வருஷம் தண்ணியோடயே இருந்திருக்கீங்க. அது உங்களைத் தேடி வருது போல."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஃபாலெஹ் குளிர்ந்த கணப்பின் முன் ஜாடியோடு உட்கார்ந்திருந்தார். வெளியே ஆலங்கட்டி மழை. விரல் விறைத்தது. அப்போதுதான் நடையில் ராக்கானின் கதவிடுக்கில் செக்கச்செவேலென்று ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ஃப்யூஸ் பத்திரமாக இருந்தது.

வாசல்வரை போய்க் கதவைத் தள்ளித் திறந்து நின்றார்.

"காயில் போனது எப்படி எரியுது?"

"தட்டினேன்," என்றாள் உள்ளேயிருந்து. "கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்காதீங்க, சூடு போகுது. வெளிய நிக்கறதா இருந்தா சாத்திட்டுப் போங்க. இல்ல உள்ள வாங்க."

முதுகில் நடையின் குளிர். முன்னால் அந்த அறை. மேசையில் பாதி வரைந்த வரைபடம், நாற்காலிமேல் நீலச் சட்டை. எதையும் அவள் நகர்த்தியிருக்கவில்லை. ஃபாலெஹ் வெகுநேரம் நின்றார். பிறகு செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில், யாரோ தூங்குகிற இடத்தில் உட்காருவதுபோல, மெல்ல உட்கார்ந்தார். தலையணையில் இன்னும் அந்தத் தலைஎண்ணெய் வாசம். அவருக்குத் தோள் குலுங்கியது. நவால் ஹீட்டரை அவர் பக்கம் திருப்பிவைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

தட்டில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் இருந்தன. இரண்டாவது கோப்பையில் சர்க்கரை முன்னமே போட்டிருந்தது.

"என்னைக்கிலேர்ந்து ரெண்டு கோப்பை?"

"அவன் போன நாள்லேர்ந்து. உங்களுக்குத்தான், தினம் ஆறிப்போகும். எடுத்து ஊத்திடுவேன்."

அவர் குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னார்.

"உம்மு ராக்கான், எண்ணெயில எப்படித் தண்ணி வந்துச்சு?"

"தெரியலையே. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீங்களும் என்னோட அவன் தூங்கற கபருக்கு வர்றீங்க. சட்டை தேய்க்கணும்." அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உங்க பையில இருக்கற ஃப்யூஸை இஸ்திரிப் பெட்டியில மாட்டி வைங்க. அதோடதைத்தான் இதுல போட்டிருக்கேன்."