காயில் அக்காவின் நடு இன்ஜின் கார்

தருமபுரி மாவட்டத்திலேயே ஒரு டம்ளர் காபியை முழுசாகக் குடிக்காத ஒரே மனுஷி காயில் அக்காதான். பாதி குடிப்பதற்குள் ஏதோ ஒன்று நினைவுக்கு வந்துவிடும். டம்ளரைக் கைக்கு எட்டிய இடத்தில் வைத்துவிட்டு ஓடிவிடுவார். அவர் கடைக்குப் போகிறவர்கள் ஸ்டூலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். நான் பார்க்காமல் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன்.

நல்லம்பள்ளியில் போர்வெல் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற கடை அவருடையது. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால், கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். புடவைக்கு மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டை. சட்டைப் பையில் ஸ்பேனர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மாற்றலாகி அந்த ஊருக்குப் போன நான், அவர் வீட்டு மாடி அறையை வாடகைக்குக் கேட்டுப் போய் நின்றேன். எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, அறையில் சமைப்பீர்களா என்றெல்லாம் கேட்பார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"தம்பி, நீங்க எத்தினி கிலோ?"

"எண்பத்து ரெண்டுங்க."

"குறைஞ்சிராதுங்களே?"

"இதுவரைக்கும் குறைஞ்சதில்லைங்க."

"அப்ப இந்தாங்க சாவி."

காரணம் மறுநாள் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் அவர் ஒரு கார் செய்துகொண்டிருந்தார். பொம்மைக் கார் இல்லை, நிஜக் கார். அதைச் சோதித்துப் பார்க்கப் பக்கத்து சீட்டில் ஒரு பாரம் வேண்டியிருந்தது. மணல் மூட்டை வைத்து, இன்ஜினை ஓட்டாமல் ஆள் வைத்துத் தள்ளிப் பார்த்தாராம். வளைவில் அது சரிந்து விழுந்துவிடுகிறது. "மூட்டைக்குக் கம்பியப் புடிச்சுக்கத் தெரியலீங்க" என்றார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதுர இரும்புக் குழாய்களை வெல்டு செய்த ஒரு சட்டம். முன்னால் ஒரு தகரம், பின்னால் ஒரு தகரம், நடுவில் இரண்டு சீட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. விபத்தில் நசுங்கிய ஒரு சின்னக் காரைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, அதன் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றியிருந்தார். அந்தக் காரில் மூக்குக்குள் இருந்ததை இந்தக் காரில் நம் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஏறி உட்கார்ந்தால் இன்ஜின் நம் பிடரியில் மூச்சு விடும்.

"எதுக்குங்கக்கா நடுவுல?"

ஒருமுறை சொந்தக்காரர் காரில் தொப்பூர் கணவாய் வழியாகப் போனாராம். மழை ஈரம். வளைவில் அந்த மனிதர் ஸ்டீயரிங்கைத் திருப்பியிருக்கிறார். சக்கரம் திரும்பியிருக்கிறது. கார் மட்டும் நேராக ஒரு லாரியைப் பார்த்துப் போயிருக்கிறது. ஒரு முழம் இடைவெளியில் பிழைத்து வந்த அக்காவுக்கு அன்றிலிருந்து இதே யோசனை.

"மூக்குல அத்தினி பாரத்த வெச்சுகிட்டுத் திரும்புடான்னா எப்புடிங்க திரும்பும்? பாரம் நடுவுல இருந்தா நெனச்ச மாத்திரத்துல திரும்பும். ஒரு நாளு இதுலயே தொப்பூர்ல எறங்கிக் காட்டுறனா இல்லியா பாருங்க."

அவர் கணவர் ஒகேனக்கல் பஸ் ஓட்டுகிற டிரைவர். ஊரில் டிரைவரண்ணன். அக்கா எவ்வளவு பரபரப்போ, அண்ணன் அவ்வளவு நிதானம். தும்மல் வந்தால்கூட இடம் பார்த்து நின்றுதான் தும்முவார். இந்த விஷயத்தில் அவர் கட்சி வேறு. "மாடு முன்னாடி, வண்டி பின்னாடி. அதான் முறை."

"மாட்டைத் தூக்கி வண்டிக்குள்ள வெச்சா என்னாவுதுன்னு பாக்குறேன், இருங்க" என்பார் அக்கா.

முதல் ஓட்டத்துக்குக் கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டார். முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டார். கார் சடாரென்று பின்னால் பாய்ந்து பப்பாளி மரத்தைச் சாய்த்தது. கியர் கேபிளை இடம் மாற்றி மாட்டியிருந்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் வைத்த இடத்திலேயே இருந்தன. வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணன் கொப்பளித்து முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "எந்தப் பக்கம் போவணும்னு வண்டிகிட்டச் சொன்னியா?"

பிறகு ஒரு நாள் அக்கா என்னை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போனார். அருவி பார்க்கத்தான் என்று நம்பி, குளிக்கத் துண்டெல்லாம் எடுத்துப் போனேன். அவர் அருவிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஒரு பரிசல்காரரிடம் போனார். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மதிய நேரத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீருக்குப் போனோம்.

"அண்ணே, நாங்க ரெண்டு பேரும் ஓரமா ஒக்காந்துக்கிறோம். ஒரு சுத்து சுத்துங்க."

சுற்றினார்.

"இப்ப நடுவுல ஒட்டிகிட்டு ஒக்காந்துக்கிறோம். அதே மாதிரி சுத்துங்க."

சுற்றினார். இந்த முறை பரிசல் பம்பரமாகப் பறந்தது. மலை, தண்ணீர், வானம் மூன்றும் கலந்து ஒரே குழம்பாகிவிட்டன.

"பாத்தீங்களா தம்பி! பாரம் நடுவுக்கு வந்தா எத்தினி சுருக்கா திரும்புது!"

பரிசல்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திரும்புறது சரிங்கக்கா. அதே சுருக்குல நிறுத்த முடியுமா?"

திரும்பி வரும்போது அக்கா வழி நெடுக, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் வட்டமும் அம்புக்குறியுமாகக் கிறுக்கிக்கொண்டே வந்தார்.

கோடையில் ஏரி காய்ந்து கட்டாந்தரையானதும் சோதனை ஆரம்பமாயிற்று. ஏரிக்கரையை ஒட்டித்தான் பஸ் ரோடு. ஞாயிறுதோறும் காலையில் நாங்கள் இருவரும் உள்ளே இறங்குவோம். பழைய மோட்டார் கூடுகளை வட்டமாக அடுக்கி, அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். முதல் வாரம் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், அடுத்த வாரம் நாற்பதில். சும்மா சொல்லக் கூடாது, தண்டவாளத்தில் போவது போலத் திரும்பியது கார். விரலால் தொட்டால் போதும். நானே கம்பியை விட்டுவிட்டுக் கை தட்டினேன்.

மூன்றாவது வாரம் ஐம்பது. வளைவின் உச்சியில் இருந்தோம். எங்கிருந்தோ ஓர் ஆடு குறுக்கே வந்தது. அக்கா சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அவ்வளவுதான். பாரமெல்லாம் முன்னால் சாய, பிடிப்பு விட்டுப்போன பின்சக்கரங்கள் எங்களை முந்திக்கொள்ளப் பார்த்தன. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஆடு, கரை, ஆடு, கரை. கடைசியில் வந்த திசையைப் பார்த்து நின்றது கார். ஏரி முழுக்கப் புழுதி.

"தம்பி, இருக்கீங்களா?"

"இருக்கேங்கக்கா."

அடுத்த நொடி புழுதிக்குள்ளிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். பஸ்ஸே போனாலும் ஓடாத டிரைவரண்ணன், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரோடு ஓடி வந்தார். வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. குழாயை எங்கள் பக்கம் திருப்பி அழுத்தினார். முழு சிலிண்டரும் தீர்ந்தது. நானும் அக்காவும் மாவில் புரட்டிய வடை மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"புகை வந்துச்சு" என்றார் அண்ணன் மூச்சிரைக்க.

"அது புழுதிங்க."

"தூரத்துலேந்து பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"தூரத்துலேந்தா? எத்தினி நாளா அங்க நின்னு பாக்குறீங்க?"

"மொத வாரத்துலேந்து."

லீவு கிடைத்த ஞாயிறுகளில் மட்டுமில்லை, டூட்டியை மாற்றிக்கொண்டும் வந்து வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் நின்றிருக்கிறார். சிலிண்டரை வீட்டுக்குத் தெரியாமல் வாங்கி, வைக்கோலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். "முழுசும் அடிச்சுத் தீத்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டு, அக்கா அண்ணன் மீசையில் படிந்திருந்த வெள்ளைப் பொடியைக் காக்கிச் சட்டைக் கையால் துடைத்துவிட்டார். நான் ஆட்டைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் அண்ணன் சொன்னார். "அம்பது பேர ஏத்திகிட்டு வளைவுல போறப்ப நான் திடுக்குனு காலை எடுத்தா என்னாவும்? வளைவுக்கு முன்னாடியே குறைச்சுக்கணும். உள்ள பூந்தப்புறம் கால் பேசக் கூடாது."

அக்கா எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். ஆனால் தன் காலை நம்பி ஒரு வேலையை விடுகிற ஆள் இல்லை அவர். பின்னால் அகலமான டயர் மாட்டினார். முன்பக்க ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்கினார். நான்கு வாரம் கழித்து அதே வளைவில், அதே ஐம்பதில், வேண்டுமென்றே காலை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்பக்கம் லேசாக இடுப்பை ஆட்டியது. கண்ணைத் திறந்தபோது கார் சாதுவாக வளைவில் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப எப்பங்கக்கா தொப்பூர்?"

"போவலீங்க தம்பி. நம்பர் பிளேட்டு இல்லாத வண்டி. அதோட, அங்க லாரிக்காரரு அத்தினி லோடோட பிரேக்க நம்பி எறங்குறாரு. என் வண்டி நல்லாத் திரும்பும்னு அவருக்கு யாரு போயிச் சொல்றது?"

சொன்னவர் அப்படியே நிம்மதியாக இருந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் காலையிலேயே பெட்ரோல் டேங்க்கை எங்கே தள்ளி வைக்கலாம் என்று சட்டத்துக்கு அடியில் படுத்திருந்தார்.

ஏரிக்குத் தண்ணீர் வருவதற்குள் எனக்கு மாற்றல் வந்தது. கிளம்பிய நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் அண்ணனும் வழியனுப்ப வரவில்லை. கொட்டகை திறந்து கிடந்தது, உள்ளே கார் இல்லை. கொஞ்சம் வருத்தத்தோடுதான் பஸ் ஏறினேன். கரையோரம் வந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஏரி நடுவில் புழுதி ஒரு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என் சீட்டில் அண்ணன், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. என்னையும் மீறி எழுந்து நின்றுவிட்டேன்.

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நான் பார்த்த பக்கம் குனிந்து பார்த்தார். "இன்னாங்க அது? யாருங்க அந்தம்மா, தெரிஞ்சவங்களா?"

"எங்கக்காங்க" என்றேன்.